அரியணை போனபின் நின்ற அரண்மனை

 

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தஞ்சை அரண்மனையின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். மன்னர் பெயர்களை வரிசைப்படுத்துவது என் நோக்கமன்று. ஆட்சிகள் மாறிய காலங்களில் அங்கு எது அழிந்தது, எது நின்றது என்னும் வினாவையே உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

தஞ்சை என்றதும் நம் நெஞ்சம் சோழரை நாடும். ஆயினும் இன்று நாம் காணும் அரண்மனை நாயக்கர் காலத்தில் எழுந்து, மராட்டியர் காலத்தில் விரிந்தது. இரகுநாத நாயக்கர் தாமே தெலுங்குக் கவிஞர். அவரைப் பாடி வடமொழியில் காவியம் இயற்றிய இராமபத்ராம்பா அவ்வவைப் பெண்பாற் புலவர். 'சரசுவதி பண்டாரம்' என்னும் ஏட்டு நிலையம் நாயக்கர் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1673இல் மதுரைப் படையோடு பொருது விசயராகவ நாயக்கர் மடிந்தார். அந்தப்புர மகளிர் வெடிமருந்துக்கு இரையாயினர் என்பர். சில ஆண்டுகளில் மராட்டிய ஏகோசி தஞ்சையைக் கைக்கொண்டார். இத்தனை அழிவுக்குப் பின்னும் தெலுங்கு மன்னர் தொடங்கிய ஏட்டுச் செல்வத்தை மராட்டிய மன்னர் பேணிப் பெருக்கினர்.

1799இல் இரண்டாம் சரபோசி நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். கோட்டையும் அதன் சூழலுமே அவர்வசம் எஞ்சின. நாடிழந்த அம்மன்னரே நூலகத்தை வளர்த்தார். காசி யாத்திரையிலும் சுவடிகளைத் திரட்டினார். அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார்.

1855இல் இரண்டாம் சிவாசி ஆண் வாரிசின்றி மறைந்ததும், ஆட்சியுரிமையோடு அரச குடும்பத்தின் தனிச்சொத்துகளையும் கும்பினி பறித்தது. அரசியார் காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். அரசின் செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாதென 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1862இல் அச்சொத்துகள் அரசியர்க்குத் திரும்பின. பின்னர் 1918இல் சரசுவதி மகால் பொதுநூலகமாயிற்று. 1951இல் அரண்மனையில் கலைக்கூடம் அமைந்தது. 1983இல் சரசுவதி மகால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமெனும் தகுதி பெற்றது. அரசர்க்கு மட்டும் திறந்த கதவு எளியோர்க்கும் திறந்த வரலாறு இது.

ஆனால், திறந்த கதவின் உள்ளே சென்று ஏட்டைப் படிப்பவர் எத்தனை பேர்? பழஞ்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஒகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ரகரத்தையும் காலையும் வேறுபடுத்தல் அரிது. செய்யுளும் உரைநடைபோலத் தொடர்ந்தே ஓடும். இங்கே வழிகாட்டுவன எதுகையும் மோனையும் சீரும் தளையுமே. யாப்பறிந்தவர்க்கே அவ்வரிகள் அடிகளாகப் பிரிந்து வரும். எனவே இப்பணி நூலகத்தார்க்கு மட்டும் உரியதன்று. கவிஞர்களாகிய உங்களுக்கும் உரியது.

மராட்டிய ஆவணங்களின் மோடி எழுத்தைப் படிக்க வல்லாரும் அருகி வருகின்றனர். கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். படிக்கும் கண் மறைந்தால் சுவடி இருந்தும் இல்லாததே.

ஆகவே, ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் கவியரங்குகளோடு சுவடி வாசிப்பு வகுப்பொன்றையும் நடத்த வேண்டும். ஒவ்வொரு கவிஞரும் ஓர் இளைஞரையேனும் அழைத்து வாருங்கள். எழுத்தை நான் கற்பிக்கிறேன். யாப்பை நீங்கள் கற்பியுங்கள்.