கூரைக்கும் மூச்சு வேண்டும்

வைகாசி தொடங்கி ஆவணி வரையிலும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகின்றது. மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரம் இழந்து, வெம்மையோடு கீழ்க்கரையை வந்தடையும் காற்று அது. அக்காலத்திலே திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீடுகளில், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பிற்பகலில் உள்ளே இருக்க முடிவதில்லை. கைக்குழந்தையும் நோயாளியும் படும் பாடு சொல்லுந்தரமன்று. சாளரங்களையெல்லாம் திறந்து வைத்தும் பயனில்லையே என்று வீட்டார் அலுத்துக்கொள்வர். குற்றம் சாளரத்தில் இல்லை. தலைக்கு மேலே இருக்கின்றது.

கிடுகு வேய்ந்த முன்னோர் இத்துன்பத்தை இவ்வளவு அறியார். ஓலை அடுக்குகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுத்தது. உள்ளே சூடேறிய காற்று ஓலை இடுக்குகளின் வழியே மேலே கழிந்தது. ஆயினும், ஆண்டுதோறும் வேய்தற் செலவும் தீயின் அச்சமும் மக்களைத் தகரத்துக்கும் அஸ்பெஸ்ரஸுக்கும் திருப்பின. அதனைப் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆனால், ஓலை செய்த இரு வேலைகளையும் தகடு செய்வதில்லை என்பதை மறந்துவிட்டோர் பலர்.

உச்சி வெயிலிலே தகரத்தின் சூடு 60 பாகையையும் கடக்கக்கூடும். அதன் கீழே விதானம் அடித்து, நான்கு பக்கமும் அடைத்துவிட்டால், இடைவெளி அடுப்பாகிவிடுகின்றது. இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, வழி விடுதல். இறவாரத்தின் கீழே குளிர்ந்த காற்று புகவும், முகட்டை அடுத்த முக்கோணச் சுவரின் உச்சியிலே சூடான காற்று வெளியேறவும் திறப்புகள் வேண்டும். அமெரிக்கக் கட்டிட விதியொன்று, 150 சதுர அடி விதானத்துக்கு 1 சதுர அடி திறப்பு என்று கணக்கிடுகின்றது. 600 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி போதும். பாதி கீழே, பாதி மேலே. வௌவாலும் எலியும் புகாதவாறு கம்பிவலை அடித்தல் நன்று.

இரண்டாவது, தடுத்தல். விதானத்தின் மேலே தென்னந்தும்பு போன்ற பொருளைப் பரப்பினால் அதனுள் அடங்கிய காற்றே காவலாகும்; கறையானுக்கும் தீக்கும் எச்சரிக்கை வேண்டும். கூரையின் கீழ்ப்புறத்தில் மினுங்கும் அலுமினியத் தாளைச் சற்று இடைவெளி விட்டுக் கட்டினால், அது வெப்பத்தில் மிகச் சிறு பங்கையே கீழே விடும். தூசி படிந்தாலும் உப்புக்காற்று அரித்தாலும் அப்பயன் குறையும்.

இங்கே இரு எச்சரிக்கைகள் உள. திறப்புக்காக அஸ்பெஸ்ரஸ் தகட்டை அறுத்தலும் துளைத்தலும் கூடாது. அத்தூள் நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகளின் பின்னரும் புற்றுநோயை விளைவிக்கும். மற்றையது, புயல். 1964 டிசெம்பரிலே சூறாவளி தாக்கிய கரை இது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயலும் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. புயற்காற்று திறப்பினூடே உட்புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளிக்காற்றோ மேலிருந்து இழுக்கும். ஆகவே, மேற்றிறப்புக்கு அடைக்கத்தக்க பலகை வேண்டும்; கைமரங்கள் சுவரோடு இரும்புப் பட்டையாற் பிணைக்கப்படல் வேண்டும்.

கச்சான் தொடங்குமுன் திறப்பதும், வாடை தொடங்குமுன் அடைப்பைச் சரிபார்ப்பதும் வீட்டாரின் வழக்கமானால், ஒரே கூரை இரு பருவத்துக்கும் உதவும்.