டேட்டன் நகரத்து வாத்தியார்

இசையிலும் ஒலிப்பதிவிலும் பட்டம் பெறும் பிள்ளைகளே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒலிப்பதிவுதான் என் தொழில். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் கேபிள் சுருட்டத் தொடங்கியவன். துல்லியமான ஒலிக்காக வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் இன்று உங்களிடம் சொல்ல வந்திருப்பது, டேப் இரைச்சலோடு பாட்டு வெளியிட்ட ஒருவரைப் பற்றி.

ராபர்ட் போலார்ட். 1957இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துக்காரர். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பள்ளிக்கூடம் போக மிச்ச நேரமெல்லாம் 'கைடட் பை வாய்ஸஸ்' என்ற இண்டி ராக் குழுவுக்கு. 1983இல் தொடங்கியது அது. கைக்காசைப் போட்டு ஆல்பம் ஆல்பமாக வெளியிட்டார்கள். கேட்பார் அதிகம் இல்லை. 1992இல், இதோடு போதும் என்ற எண்ணத்தில் 'ப்ரொபெல்லர்' இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். மொத்தமே 500 பிரதிகள். அத்தனை அட்டைகளையும் நண்பர்கள் கூடிக் கையாலேயே செய்தார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. நிறுத்திவிடப்போகிற வேலைக்கு இவ்வளவு அக்கறையா என்று நான் இன்றும் வியக்கிறேன். அந்தத் தட்டுதான் கிளீவ்லாந்தின் சிறு நிறுவனம் ஒன்றின் காதுக்கு எட்டி, குழுவை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது.

1994இல் 'பீ தௌசண்ட்'. வீட்டிலேயே நான்கு ட்ராக் ரெக்கார்டரில் பதிந்த 20 பாட்டுகள், 36 நிமிடம். அப்போது அவருக்கு வயதும் 36. ஆசிரியர் வேலையை விட்டது அந்தக் கட்டத்தில்தான். அடுத்த ஆண்டு 'ஏலியன் லேன்ஸ்', 28 பாட்டுகள். 1996 முதல் தனி ஆல்பங்களும் வரத் தொடங்கின. 2004 கடைசியில் குழுவைக் கலைத்தார், 2010இல் மறுபடி கூட்டினார். 2017இல் வந்த 'ஆகஸ்ட் பை கேக்' அவருடைய நூறாவது ஆல்பம்.

நூறும் பொன் என்று நான் சொல்லவரவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் பாட்டை அங்கேயே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எனக்குப் பிடித்தது அதுதான். இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த இளைஞர்களில் திறமை இல்லாதவர்கள் மிகக் குறைவு. எடுத்ததை முடித்தவர்களும் குறைவு. நல்ல மைக் வரட்டும், வேலையை விட்டபின் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். நான் படித்தபோது விடுதியில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர்தான். அதற்கு வரிசையில் நிற்போம். நம் முறை வருவதற்குள் பாட்டு தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். அந்த நெருக்கடியில் எங்களுக்குப் பல பாட்டு முடிந்தது. இன்று உங்கள் போனிலேயே அதைவிடப் பல மடங்கு ட்ராக் இருக்கிறது. சம்பள வேலையில் இருந்துகொண்டே செய்யுங்கள் பிள்ளைகளே. அதில் ஒரு குறைவும் இல்லை.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இங்கே அருமையான ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. பட்டம் வாங்கிய மறுநாள் இவர்களுக்கு அதன் கதவு மூடிவிடும். இன்னும் ஓராண்டுக்கு, மாலை ஆறு மணிக்கு மேல், இவர்களுக்குக் கட்டணமில்லாமல் அதைத் திறந்துவையுங்கள். வாரம் ஒரு நாள் நானே வந்து உடன் இருக்கிறேன்.