ஜி-4 என்றொரு முதல் நகர்வு

சதுரங்கத்தில் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதல் நகர்விலேயே ஜி-4 வரை தள்ளினால், எந்தப் பயிற்சியாளரும் தடுப்பார். ராஜாவின் காவல் குலைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஹென்றி குரோப் இதையே விரும்பி ஆராய்ந்தார்; பத்திரிகை வாசகர்களோடு அஞ்சல் வழியாகவும் ஆடினார்.

புதியவர்கள் இதில் எங்கே சிக்குகிறார்கள் என்று பார்ப்போம். கறுப்பு டி-5 ஆடுகிறது. வெள்ளை பிஷப் ஜி-2க்கு வருகிறது. காவலற்ற ஜி-4 சிப்பாயைக் கறுப்பு பிஷப் வெட்டுகிறது. உடனே வெள்ளை, சி-4இல் இன்னொரு சிப்பாயை நீட்டுகிறது. அதையும் டி-5 சிப்பாய் வெட்டினால் போச்சு! மூலைவிட்டம் திறந்துவிடுகிறது. வெள்ளை பிஷப் நேரே பாய்ந்து பி-7ஐ வெட்டும்; அடுத்த குறி மூலையில் நிற்கும் யானை. பி-7க்குக் காவலாக இருந்த கறுப்பு பிஷப்தான் இரைதேடி வெளியே போய்விட்டதே!

வலுவான வீரர்களிடம் இந்தத் தொடக்கம் எடுபடுவது கடினம். ஆனால் ஒரு காய் நகரும்போது அது எதைக் கைவிட்டுப் போகிறது என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் ஆட்டம் வேறொன்றை நான் கண்டதில்லை.

கறுப்புக்கு மாற்று உண்டு. சி-4ஐ வெட்டாமல் சி-6இல் சிப்பாயை வைத்தால் மூலைவிட்டம் மூடியே இருக்கும். அப்போதும் வெள்ளை ராணி பி-3க்கு வந்து அதே பி-7ஐக் குறிவைக்கும், கவனம்.