பாலம் கடந்து வந்த தாய்மாமன்

(திருச்சி வானொலியில் நவம்பர் மாதம் ஒலிபரப்பான கிறிஸ்தவச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



நவம்பர், இறந்தோரை நினைக்கும் மாதம். 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றினோம். குருவானவர் வந்து கல்லறைகளை மந்திரித்தார். இதே நவம்பரில் இன்னொரு கூட்டமும் கூடுகிறது. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் வங்கி வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிற மாதம் இது. போனவர்களை நினைப்பதற்கும், இருப்பவர்கள் தாங்கள் இருப்பதைக் காட்டுவதற்கும் ஒரே மாதம் அமைந்துவிட்டது.

ஒவ்வொரு நவம்பரிலும் இந்த இரண்டு இடங்களுக்கும் தவறாமல் போய்வந்த ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் என் தாயின் அண்ணன். எண்பது வயதைக் கடந்து, இந்த ஆண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார்.

தாய்மாமன் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்கிறோம். அவர் சீர் வராமல் சடங்கு தொடங்காது, கல்யாணம் நடக்காது. விவிலியத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த தாய்மாமன் லாபான்தான். யாக்கோபைப் பதினான்கு ஆண்டுகள் உழைக்க வைத்து, பெண்ணையும் மாற்றிக் கொடுத்தவர். மாமன்மார்களுக்கு அவரால் நல்ல பெயர் வரவில்லை! என் மாமாவோ கேட்பதற்கு முன்பே கொடுக்கிறவர். நான் குருப்பட்டம் பெற்ற அன்று, சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்த அதே மாமா எழுந்து நின்று "சாமி" என்று கூப்பிட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதன்பிறகு கடைசிவரை "சாமி"தான்.

வீட்டில் மாமா, பட்டாளத்தில் தம்பி. அவர் சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. 1780-ல் தொடங்கிய பழைய படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி. அந்தப் படையின் வீரர்களை இந்திய ராணுவம் முழுவதும் "தம்பி" என்றுதான் அழைக்கிறது. வடநாட்டு அதிகாரிகள்கூட அந்தத் தமிழ்ச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒருவர் பாலக்கரை, மற்றவர் கொள்ளிடக் கரை. ஒருவர் சகாய மாதா கோவில், மற்றவர் ரங்கநாதர் கோயில். லீவு கிடைத்தால் ஒரே ரயிலில் வருவார்கள்.

1971 டிசம்பரில் போர் வந்தது. மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் என்று ஓர் ஆறு. அதற்கு அப்பால் எதிரி பரப்பிவைத்த கண்ணிவெடி வயல். நம் டாங்கிகள் போவதற்கு அதில் வழி திறக்க வேண்டும். டிசம்பர் 15 இரவு, குண்டுமழைக்கு நடுவே அந்த வேலையைச் செய்தவர்கள் நம் சாப்பர்கள். பாதை முழுவதும் சுத்தமாகும் முன்பே டாங்கிகள் புறப்பட வேண்டியதாயிற்று. அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் மறுநாள் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்கரம் பெற்ற 21 வயது அருண் கேத்தர்பால். அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவருக்கு வழி திறந்தவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டில் மட்டும்தான் தெரியும்.

மாமாவின் நண்பர் அந்த இரவில் இறந்தார். எப்படி என்று ஒரே ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேரா போனோம், சாமி" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமாவுக்கு லீவு கிடைத்தது. மெட்ராஸிலிருந்து வருகிற ரயில் திருச்சிக்கு முன்பே ஸ்ரீரங்கத்தில் நிற்கும். அங்கேயே இறங்கிவிட்டார், நண்பரின் ட்ரங்குப் பெட்டியோடு. எங்கள் பாட்டி பாலக்கரையில் சோறு ஆக்கி வைத்துக் காத்திருக்க, அவர் வந்து சேர்ந்தது மாலைக்குமேல். அந்த வீட்டில் இருந்தது ஒரு வயதான தாய், இருபத்திரண்டு வயது மனைவி, வயிற்றில் எட்டு மாதக் குழந்தை. அந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்த அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. மறு ஆண்டு காதுகுத்து. யார் மடியில் உட்கார வைப்பது என்று பேச்சு எழுந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி மாமா லீவு போட்டு வந்திருந்தார். உறவினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "வேதக்காரன் மடியிலயா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அதற்குப் பதில் சொன்னது இறந்தவரின் தாய். "எம்புள்ள பக்கத்துல கடைசியா நின்னவன் அவன். அவன் மடிதான்" என்றார். அன்று முதல் என் மாமாவுக்குப் பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு தங்கை, அந்தப் பக்கம் ஒரு தங்கை.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மாமா பதினோரு தட்டு சீர் கொண்டுபோனார். என் அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "என் புள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு செய்யலியே அண்ணே" என்று கேட்டார். மாமா கோபப்படவில்லை. "உனக்கு நாங்க மூணு பேர் இருக்கோம். அவளுக்கு?" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் தன் பெட்டியிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துப் பன்னிரண்டாவது தட்டில் வைத்தார்.

மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கல்லறைத் திருநாளில் நாம் அடிக்கடி கேட்பதுதான். போர் முடிந்தது. யூதா மக்கபே தம் வீரர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் போகிறார். பார்த்தால், இறந்தவர்களின் உடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள். திருச்சட்டம் தடுத்த காரியம். 'இவர்கள் செத்தது சரிதான்' என்று சொல்லிவிட்டு அவர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. உயிரோடிருந்த வீரர்களிடம் காசு திரட்டுகிறார். இரண்டாயிரம் வெள்ளிக்காசு. அதை எருசலேமுக்கு அனுப்பி, இறந்தவர்களின் பாவம் நீங்கப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறார். உயிர்த்தெழுதலை நம்பியதால்தான் அப்படிச் செய்தார் என்கிறது மறைநூல். இறந்தோருக்காக மன்றாடும் வழக்கத்துக்கு விவிலியத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டால் நாம் முதலில் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காசைக் கொடுத்தவர்கள் கோவில் குருக்கள் அல்ல, பக்கத்தில் நின்று பிழைத்துக்கொண்ட சிப்பாய்கள்.

மாமாவும் ஒவ்வொரு நவம்பரிலும் பூசைக் கருத்து கொடுப்பார். தாளில் எங்கள் பாட்டி, தாத்தா பெயர்களுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்து நண்பரின் பெயர் இருக்கும். கிறிஸ்தவர் அல்லாதவருக்குப் பூசை உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. நற்கருணை மன்றாட்டு ஒன்றிலேயே, எவருடைய நம்பிக்கை கடவுளுக்கு மட்டும் தெரியுமோ அவர்களையும் சேர்த்துத்தான் திருச்சபை மன்றாடுகிறது. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. என்னை நிறுத்தியது அதற்குக் கீழே இருந்த கடைசி வரி: 'அன்றைக்கு அந்தப் பக்கம் இறந்தவர்கள்.'

"மாமா, இது யார்?" என்றேன்.

"அந்தப் பக்கமும் பையனுங்கதான், சாமி. அவனுங்களுக்கும் அக்கா தங்கச்சி இருந்திருக்கும்ல."

மறைக்கல்வியில் பகைவரை நேசிப்பது பற்றி எத்தனையோ பாடம் படித்திருக்கிறேன். அக்கா தங்கச்சி வழியாக அந்த இடத்துக்குப் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தாய்மாமனாகவே வாழ்ந்த ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

காந்தி மார்க்கெட்டில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறதே, அது முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவுச் சின்னம் என்று காய்கறி வாங்கப் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் ஊர் ஊராக வைத்த போர் நினைவுக் கற்களில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். வெட்டியவர்களைக் குறை சொல்லவில்லை, கல்லில் இடம் கொஞ்சம். பூசைக் கருத்துத் தாளில் அந்தக் குறை இல்லை. எத்தனை பெயரும் எழுதலாம். பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வரி விடலாம்.

நவம்பரில் மாமாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்றேன். ஸ்ரீரங்கத்துத் தங்கைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் தன் சர்டிபிகேட்டைக் கொடுத்த கையோடு, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய் அவரையும் அழைத்துவந்து வரிசையில் நிறுத்துவார். பழைய பாலத்தில் போயிருக்கிறார். 1976-ல் வந்த காவிரிப் பாலத்தில் போயிருக்கிறார். 2022-ல் அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது சுற்றுவழியில் போனார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. போனிலேயே செய்யலாமே என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். "போன்ல செஞ்சா நான் எப்பப் போயி பாக்குறது?" என்றார்.

இந்த ஆண்டு மாமா இல்லை. சென்ற வாரம் அவருடைய மகள் ஆட்டோ வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். அந்த அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்துக்குமேல். ரேகை தேய்ந்த விரல் மூன்று முறை பதியவில்லை, நான்காவது முறை பதிந்தது. திரும்பும்போது அவர் முந்தானையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை அவிழ்த்து, "அண்ணனுக்கு ஒங்க கோயில்ல பூசை வைப்பாங்களாமே, இதக் குடுத்துடும்மா" என்றாராம்.

அந்த உறை என் மேசைமேல் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலைப் பூசையில் மாமாவின் பெயர் வாசிக்கப்படும், பக்கத்தில் அவர் நண்பரின் பெயரும், அவர் எழுதிவந்த கடைசி வரியும்.