வகுப்பறையில் திரை: 'சைட்' திட்டம் காட்டிய வழி

(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொலைக்காட்சி வாயிலாகக் கல்வி புகட்டப்பெற்றது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 துணைக்கோளைக் கொண்டு நடத்தப்பெற்ற இச்சோதனையே 'சைட்' எனப்படுவது. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறாருக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியோருக்கு.

காலை நேரம் இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என நான்கு மொழிகளுக்கும் பங்கிடப்பட்டமையால், ஒரு மொழியினருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு இருபத்திரண்டரை நிமிடமே! எஞ்சிய பள்ளி நேரம் முழுவதும் ஆசிரியரின் பொறுப்பு. இவ்வுண்மையைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தொலைக்காட்சியையே கண்டிராத சிறுவர்கள் தொடக்கத்தில் கண்ணிமைக்காது பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அது புதுமையின் ஈர்ப்பு. கற்றலில் ஈடுபாடு என்பது வேறு. மொழித்திறன் வளர்ந்ததாகவும், பிற வழிகளிலும் செய்திகளைத் தேடி அறியும் ஆர்வம் மிகுந்ததாகவும் பின்னர் நடந்த மதிப்பீடுகள் கூறின. இரண்டாவதே மதிப்பு மிக்கது. திரை அணைந்த பின்னும் எஞ்சுவது அதுவன்றோ?

இச்சோதனையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. ஏறத்தாழ 50,000 ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி அளிக்கப்பெற்றது. தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட பாடம், கைவேலை ஆகிய அனைத்தும் அதில் இணைந்திருந்தன. கருவிக்குச் செலவிட்ட கவனம் அதை இயக்கும் மனிதருக்கும் கிட்டிற்று.

1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் திரையே இல்லை. எளிய பொருள்களைக் கொண்டு மாணவர் தாமே சோதனை செய்தனர். ஈடுபாடு கையிலிருந்து பிறந்தது. இவ்விரு வழிகளும் பகையல்ல. விதை முளைப்பதைத் திரையில் ஐந்து நிமிடத்தில் காட்டலாம். ஈரத்துணியில் பயற்றை முடிந்துவைத்து மூன்று நாள் காத்திருக்கச் சொல்ல ஆசிரியர் வேண்டும்.

1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒளிபரப்பு, 2004இல் எடுசாட், 2017இல் தீக்ஷா எனக் கருவிகள் பெருகின. இன்று திறன் வகுப்பறைக்கான கருத்துரு மேசைக்கு வரும்போது, அலுவலர் முதலில் பார்க்க வேண்டியது திரையின் விலையை அன்று. பழுதானால் சீர்செய்பவர் யார், காட்சி முடிந்ததும் மாணவர் வினவுவதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்னும் இரண்டையுமே.