லெசித்தின் டப்பாவும் கோழி முட்டையும்

(கள்ளக்குறிச்சியில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதுமல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. ஒரு டப்பாவைப் பற்றியது. சாமிக்கும் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டையும் யோசிக்காமல் நம்பினால் நஷ்டம் நம்முடையது, லாபம் பிறருடையது என்பதுதான் சம்பந்தம்.

சில நாட்களுக்கு முன் ஒரு தோழர் நம்மிடம் வந்தார். அவர் மகள் கர்ப்பமாயிருக்கிறாள். ஒரு டப்பாவைக் காட்டி, "இதில் லெசித்தின் என்று ஒரு சத்து இருக்கிறதாம்; பிள்ளைக்கு மூளை நன்றாக வளருமாம்; இதை வாங்கலாமா, வேறு கம்பெனியுடையதை வாங்கலாமா?" என்று கேட்டார். "வீட்டில் கோழி இருக்கிறதா?" என்றோம். "நாலு இருக்கின்றன, முட்டையைக் கடைக்குப் போட்டுவிடுகிறோம்" என்றார். "மகளுக்கு ஏன் கொடுப்பதில்லை?" என்றோம். "கர்ப்பிணிக்கு முட்டை சூடு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லுகிறார்கள்" என்றார். தோழர்களே! அவர் கேட்ட கேள்விக்கு அவர் வீட்டுக் கோழிக்கூண்டிலேயே பதில் இருந்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

லெசித்தின் என்பது என்ன? 1846-ம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு தேசத்து ரசாயன நிபுணர் கோப்லே என்பவர் கோழி முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1850-ல் அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார். மஞ்சள் கருவுக்குக் கிரேக்க பாஷையில் உள்ள பெயரே அது. ஆகவே டப்பாவின் மேல் எழுதியிருக்கும் அந்தப் பெரிய பெயருக்கு அர்த்தமே முட்டைக் கரு என்பதுதான்.

அதன் குணமென்ன? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். ஒரு சீசாவில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கினால் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். அதில் சிறிது மஞ்சள் கருவைச் சேர்த்துக் குலுக்குங்கள். பால் போலக் கலந்து நிற்கும். லெசித்தினுக்கு ஒரு முனை கொழுப்பைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். சாக்லேட்டு, ரொட்டி முதலியவற்றின் உறையில் 322 என்று ஒரு எண் போட்டிருந்தால் அது இந்த லெசித்தின்தான். நம் உடம்பிலுள்ள அணுக்களின் சுவர்களும் பெரும்பாலும் இவ்வினப் பொருள்களாலேயே ஆனவை. நமது பித்த நீரிலும் இது இருக்கிறது. கல்லீரல் தானாகவே இதைச் செய்துகொள்கிறது.

அப்படியானால் டப்பாவில் வருவது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோயா மொச்சை எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது வருகிறது. எண்ணெயில் தண்ணீரோ நீராவியோ சேர்த்தால் பிசின் போன்ற கசடு அடியில் தங்கும். அதை எடுத்து உலர்த்தினால் லெசித்தின். கசடு என்பதால் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நல்ல பொருள்தான். ஆனால் விலையையும் விளம்பரத்தையும் பார்க்கும்போது, எண்ணெய் மில்லில் மிஞ்சியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு வேண்டிய சத்து கோலின் என்பது. ஸ்ட்ரெக்கர் என்பவர் பித்தத்தில் கண்டறிந்து, 1862-ல் பெயரிட்டார். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பெஸ்ட் என்பவர் 1930-களில், கணையம் நீக்கப்பட்ட நாய்களின் ஈரலில் கொழுப்பு அடைவதை லெசித்தின் தடுக்கிறதென்றும், அதற்குக் காரணம் அதிலுள்ள கோலின் என்றும் காட்டினார். 1998-ல்தான் அமெரிக்க நிபுணர்கள் இதை அவசியமான சத்து என்று ஒப்புக்கொண்டு அளவும் சொன்னார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம், பெண்ணுக்கு 425, கர்ப்பிணிக்கு 450, பால் கொடுக்கும் தாய்க்கு 550. இது குறைந்தால் ஈரலில் கொழுப்பு சேரும். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் இது வேண்டும். தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். 1200 மில்லிகிராம் என்று போட்ட ஒரு சோயா லெசித்தின் குளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோலின் தரக்கூடிய பகுதி ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 300 மில்லிகிராம். அந்தப் பகுதிக்குப் பாஸ்பாடிடில் கோலின் என்று பெயர். அதில் கோலின் நூற்றுக்குச் சுமார் 13. ஆகக் கூடி ஒரு குளிகையில் கிடைப்பது 40 மில்லிகிராம் அளவே. ஒரு பெரிய கோழி முட்டையிலோ ஏறக்குறைய 150 மில்லிகிராம் இருக்கிறது. நாலு குளிகை விழுங்கினால்தான் ஒரு முட்டைக்கு ஈடு! முட்டையில் புரதமும் மற்ற சத்துக்களும் கூட இருக்கின்றன. குளிகையில் அவை இல்லை. கர்ப்பிணிக்கு வேண்டியது முழுவதையும் இந்தக் குளிகையிலேயே பெற வேண்டுமானால் நாளைக்குப் பதினொன்றுக்கு மேல் விழுங்க வேண்டும். நமது தோழர் முட்டையை விற்றுக் குளிகையை வாங்க வந்தாரே, இதைவிடப் பரிதாபம் என்ன இருக்கிறது?

முட்டை மட்டுந்தானா? ஆட்டீரல், கோழியீரலில் இதைவிட அதிகம். மீன், கறி, சோயா மொச்சை, நிலக்கடலை, பயறு, பால் ஆகியவற்றிலும் உண்டு. மலையிலுள்ள மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் மொச்சையும் விளைத்தவர்கள். இன்று கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கத்திலும் மரவள்ளி காசுப் பயிராகியிருக்கிறது. மரவள்ளியை விற்பதில் தவறில்லை. ஆனால் அது மாவுச் சத்தே தவிர வேறு சத்து அதிகமில்லாதது. விற்ற காசு பயறாகவும் முட்டையாகவும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். டப்பாவாகத் திரும்பக் கூடாது.

மற்றொரு சங்கதி. லெசித்தின் கொழுப்பைக் கரைக்கும், இரத்தக் குழாயைச் சுத்தம் செய்யும், ஞாபக சக்தி தரும் என்றெல்லாம் சொல்லுகிறார்கள். சீசாவில் எண்ணெயைக் கலக்கியது இரத்தக் குழாயிலும் கலக்கும் என்பது யுக்தியல்ல, உவமை. உவமையை அத்தாட்சியாகக் காட்டுவது புராணிகர் வேலை. வாயில் போட்ட லெசித்தினைக் குடல் உடைத்துச் சீரணித்துவிடுகிறது. மறதி நோய்க்காரருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் பயன் இருப்பதாக நிரூபணமாகவில்லை.

குடிகாரருக்கு ஈரலைக் காக்கும் என்பது இன்னும் மோசமான பேச்சு. 2024 ஜூன் மாதத்தில் இவ்வூர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கு மேற்பட்ட உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த விஷம் வேறு, நாள்பட்ட குடியால் ஈரல் கெடுவது வேறு. ஆனாலும் பயந்துபோன ஊரில் ஈரல் மருந்து நன்றாக விலைபோகும். லீபர் என்ற அமெரிக்க வைத்தியர் இப்பொருளைப் பபூன் குரங்குகளுக்குக் கொடுத்தபோது குடியால் வரும் ஈரல் தழும்பு தடுக்கப்பட்டது. அவரே மனிதர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார். தழும்பு வளர்வது நிற்கவில்லை என்று 2003-ல் வெளியிட்டார். தாம் நம்பியது தவறாய்ப் போனதை ஊரறியச் சொன்னாரே, அதுதான் விஞ்ஞானம்! ஆகவே குடியை நிறுத்துவதற்குப் பதிலாகக் குளிகை போடுவது, பாவத்தைச் செய்துவிட்டுப் பரிகாரம் தேடுவது போன்றதே.

அப்படியானால் இதை யாரும் வாங்கவே கூடாதா என்றால், அப்படியும் நாம் சொல்லவில்லை. முட்டை, மீன், பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கு, முக்கியமாக அவர்களில் கர்ப்பிணிகளுக்கு, வைத்தியர் யோசனை சொல்லலாம். வாங்குவதானால் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், டப்பாவைத் திருப்புங்கள். லெசித்தின் எத்தனை மில்லிகிராம் என்பதல்ல, பாஸ்பாடிடில் கோலின் எத்தனை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் வைத்துவிடுங்கள். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் சூரியகாந்தியிலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். இத்தகைய சத்துப் பொருள்களின் மேல் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல" என்று அச்சிட வேண்டுமென்பது சட்டம். சிறு எழுத்தில் மருந்தல்ல என்று போட்டுவிட்டு, வாயால் மருந்து என்று விற்றால் அதற்குப் பெயர் என்ன? அளவுக்கு மீறினால் கோலினே உடம்பில் மீன் நாற்றத்தையும் இரத்த அழுத்தக் குறைவையும் உண்டாக்கும். இருதய நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை சூடு என்பதற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது. நன்றாக வேகவைத்த முட்டை கர்ப்பிணிக்கு ஆகாரம். 1989 முதல் தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை போடுகிறார்கள். எத்தனையோ லட்சம் பிள்ளைகள் தின்று வளர்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஆகும் முட்டை, வீட்டில் அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு ஆகாதா? புருஷனுக்கும் மாமனாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைக் கடைசியில் தின்பதே பெண் தர்மம் என்று வைத்திருக்கிறோமே, அந்தத் தர்மத்தால் குறைந்த சத்தை எந்த டப்பாவாலும் நிரப்ப முடியாது. உலையேற்றுகிறவளும் பந்தியில் உட்காரட்டும். அவள் தட்டில் முதலில் முட்டை விழட்டும்.

நாம் சொன்ன கணக்கையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். கடைக்குப் போங்கள், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், அதன் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தோழர் போட்டுப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முட்டை இப்போது கடைக்குப் போவதில்லை.