சிறு காரும் பெற்றோல் சிக்கனமும்



2022 யூலையில் எரிபொருளைப் பங்கிட்டு வழங்கத் தொடங்கியபோது, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என வரையறுத்தனர். பெற்றோலின் அருமையை நாம் அன்று கற்றோம். 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிய பின், சிறிய புதுக்கார் வாங்க விழைவோர் பலர். விற்பனையாளர் கூறும் சிக்கனம் நம் தெருவில் கிட்டுமோ என அன்னார் ஆராய்தல் நன்று.

சவளக்கடையிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வழி வயல்களூடே செல்லும் சமநிலமாகும். தடையின்றி ஓடும் அவ்வழியில், கார் நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைக்கும் அமைப்பினால் பயன் இல்லை. பிறேக் பிடிக்கையில் மின்சாரம் சேர்க்கும் ஹைபிரிட் முறையும் அத்தகையதே. கல்முனைக் கடைத்தெரு நெரிசலிலேதான் இவ்விரண்டும் பெற்றோலை மீதப்படுத்தும்.

இனி, சிறு கார்களின் கியர் பெரும்பாலும் மூவகைப்படும். கையால் மாற்றுவது முதல் வகை. இதன் விலையும் பழுதுச் செலவும் குறைவு. அதே கியர்ப்பெட்டியில் கிளச்சையும் கியரையும் பொறியே இயக்குவது இரண்டாம் வகை. சுசுக்கி அல்ற்றோவில் வரும் ஏ.ஜி.எஸ். இத்தகையது, பெற்றோல் செலவு ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது சி.வி.டி. விட்டம் மாறும் இரு கப்பிகளை ஒரு பட்டி இணைக்க, எஞ்சின் உகந்த சுழற்சியில் இயங்கும். நெரிசலில் இது இதமானது. எனினும் இதற்குரிய எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடின் பழுது பெருஞ்செலவாகும்.

ஆதலின், நாள்தோறும் நெரிசலில் நின்று செல்வோர் ஹைபிரிட்டையும் சி.வி.டி.யையும் நாடுக, வயல்வழி செல்வோருக்குக் கைக்கியரே போதும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்மடங்காகும். சாரதியின் நிதானத்துக்கு ஈடான பொறி எக்காரிலும் இல்லை.